பொருள் நகரத்தில், மண் கிராமத்தில்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் வில்லியனூரை அடுத்து வருவது அரியூர். சுற்றிலும் நெல்லும் கரும்பும். சாலையோரம் மருத்துவக் கல்லூரி. இரவும் பகலும் லாரிகள். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. அதையும் தாண்டினால் மறுபடி புதுச்சேரி: திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பங்குபோட்டுக்கொண்ட கணக்கு இன்னும் இந்த மண்ணில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பெட்ரோல் விலையும் மதுக்கடைப் பலகைகளும் மாறுவதை வைத்துத்தான் எந்த எல்லைக்குள் இருக்கிறோம் என்று கண்டுகொள்ள வேண்டும்.

கடலோர நகரத்தைப் பார்க்க வருகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. நான் இதற்காகவே வந்தேன். அருங்காட்சியகங்களிலும் மரபு மையங்களிலும் காட்சிகளை எப்படி அமைக்கிறார்கள் என்பதைக் கவனித்துப் பார்ப்பது என் நெடுநாள் ஈடுபாடு. ஒரு பொருளை எந்த உயரத்தில் வைப்பது, எந்தப் பக்கமிருந்து ஒளி விழச் செய்வது, பக்கத்தில் என்ன எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று ஆயிரம் முடிவுகள் அந்தக் கண்ணாடிப் பேழைக்குப் பின்னால் இருக்கின்றன. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின், அதாவது உள்ளாட்சிப் பகுதிகளின், பழம்பொருள்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி உறுத்தும். இந்த ஊர்களின் பெயரால் உலகம் அறிந்த பொருள்கள் வெளியூர்களில், வெளிநாடுகளில் இருக்கின்றன. பொருள் ஓரிடம், அது பிறந்த மண் ஓரிடம். இரண்டையும் மறுபடி சேர்த்துவைக்கக் காட்சியமைப்புக் கலையால் முடியுமா? அரியூரில் தங்கிக்கொண்டு சுற்றுப்புறத்தைப் பார்த்துவரக் கிளம்பினேன்.

சுவரே ஏடு

முதலில் திருபுவனை. நெடுஞ்சாலையின் இரைச்சலிலிருந்து சற்றே விலகியதும் பெருமாள் கோயில். சோழர் காலக் கற்றளி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தேன். சுவரில் எழுத்து இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. நேராக விழும் வெளிச்சம் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. வெயில் சாயும் வரை காத்திருந்தேன். நான்கு மணிக்கு மேல் ஒளி பக்கவாட்டில் சுவரை உரசத் தொடங்கியதும் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மெல்லிய நிழல் கட்டியது. வரி வரியாகக் கல்வெட்டு எழுந்து நின்றது. சாய்வொளி என்று காட்சியமைப்பாளர்கள் சொல்வது இதைத்தான். கல்வெட்டுக்கு முன்னால் எத்தனை பெரிய விளக்கை வைத்தாலும் பயனில்லை. சின்ன விளக்கொன்றைச் சுவரோடு ஒட்டி, பக்கத்திலிருந்து அடித்தால் போதும்.

அந்தச் சுவர் சொல்லும் செய்தி சாதாரணமானது அல்ல. முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-ஆம் ஆண்டில், இங்கே ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள். அவர்களுக்கு நாள்தோறும் எவ்வளவு நெல், அந்த நெல்லுக்கு எந்த நிலம் என்பது வரை கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். இன்று அதே சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் நிற்கின்றன. காலையில் கல்லூரிப் பேருந்தில் அந்தக் கோயிலைக் கடந்துபோகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இங்கே ஒரு காட்சி அமைப்பதென்றால் பெரிய கட்டடம் தேவையில்லை. கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுக்கும் முறையையே காட்சியாக்கலாம். சுவரைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் குழிக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மையைத் துணிப்பந்தில் தொட்டு மேலே ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுக்க, குழியெல்லாம் வெளுத்து நிற்க, கல்லில் தெரியாத எழுத்து தாளில் பளிச்சென்று வரும். மூலச் சுவரை யாரும் தொடக்கூடாது. ஆனால் பக்கத்து மண்டபம் ஒன்றில் அந்தக் கல்வெட்டின் ஒரு பகுதியை அதே அளவில் வார்த்து வைத்து, பிள்ளைகளையே மைப்படி எடுக்கச் செய்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு சொல்லைத் தங்கள் கையால் வெளியே கொண்டுவந்த மகிழ்ச்சி அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது.

இன்னொன்றையும் அந்தப் பலகையில் எழுதியாக வேண்டும். அந்தக் கல்லூரி வேதமும் அது சார்ந்த சாத்திரங்களும் கற்பித்த இடம். நிலத்தை உழுது நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பெருமையை மட்டும் சொல்லும் காட்சி பாதிக் காட்சிதான். யார் படித்தார்கள் என்பதோடு யார் உழைப்பில் படித்தார்கள் என்பதும் சேர்ந்தால்தான் அந்த நெல் கணக்குக்குப் பொருள் வரும்.

வில்லியனூர்க் கைகள்

அரியூருக்குக் கிழக்கே வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து மாதா கோயிலும் ஊரின் இரு அடையாளங்கள். சங்கராபரணி ஆறு ஊரை ஒட்டிப் போகிறது. வில்லியனூர்ச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்த ஊரின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தெருவோரப் பட்டறை ஒன்றில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். பிசைந்த களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, சுருட்டி, யானையின் உடம்பாக நிறுத்தினார் அங்கிருந்த அம்மா. உள்ளே வெறும் கூடு. வயிற்றுக்கு அடியில் குச்சியால் ஒரு துளை.

"இது எதுக்கும்மா?"

"காத்து வெளிய போவ வழி வேணும்ல தம்பி? இல்லன்னா சூளையில வச்சதும் வெடிச்சிடும். மேல மட்டும் காஞ்சிருந்தா போதாது, உள்ளயும் காயணும். அதான் வெயில்ல வைக்காம நெழல்ல வைக்கிறோம்."

அவர் சொன்ன அந்த ஒரு துளைக்குள் பல தலைமுறைப் பொறியியல் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு மாதிரிப் பொருள்கள் செய்யும் வேலை பெரும்பாலும் பெருநகர நிறுவனங்களுக்குத்தான் போகிறது. அவை கண்ணாடியிழையில் வார்த்து, மண் நிறத்தில் வண்ணம் பூசி அனுப்புகின்றன. பார்க்க அச்சு அசலாக இருக்கும், தொட்டால் பிளாஸ்டிக். மண்பானையின் எடை, சொரசொரப்பு, விரலால் சுண்டினால் எழும் ஓசை எதுவும் அதில் இராது. அகழாய்வு நடந்த அரிக்கமேட்டில் கிடைத்த ஒரு பானையின் அளவு வரைபடத்தைக் கொடுத்தால், அதே களிமண்ணில், அதே முறையில் சுட்டுத் தரும் கைகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. அந்தப் பானையைப் பார்வையற்ற ஒருவர் இரு கைகளாலும் தடவிப் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளை தூக்கிப் பார்க்கலாம். உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் திருக்கனூர் இருக்கிறது. அங்கே செய்யும் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழங்காலத் துறைமுகத்தையோ சந்தையையோ சிறு உருவங்களால் கண்முன் நிறுத்தும் காட்சிகளுக்குக் காகிதக்கூழைப்போல ஏற்ற பொருள் குறைவு. எடை இல்லை, செலவு இல்லை, முகத்தின் சுருக்கம்வரை கொண்டுவரலாம். மரபு மையத்தைக் கட்டும் வேலையே மரபுக் கலையை வாழவைக்கும் வேலையாகவும் அமையக்கூடிய ஊர்கள் நாட்டில் அதிகம் இல்லை. இது அப்படிப்பட்ட வட்டாரம்.

பாரிசுக்குப் போன செப்பேடு

தெற்கே பாகூர். பரந்த ஏரி, அதன் பாசனத்தில் பச்சைப் பசேலென்று வயல்கள், நடுவில் மூலநாதர் கோயில். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்தார்கள். அந்தத் தானத்தை வடமொழியிலும் தமிழிலும் செப்பேடுகளில் பொறித்தார்கள். 1879-இல் அந்தச் செப்பேடுகள் வெளிப்பட்டன. பிறகு பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. திருபுவனைக் கல்லூரிக்கு இரண்டு நூற்றாண்டு முந்திய கல்விச்சாலை. அதன் சான்றுப் பத்திரம் கடல் கடந்து இருக்கிறது.

ஏரிக்கரையில் நின்று அந்தச் செப்பேட்டை நினைத்தேன். தானப் பத்திரம் என்பது வெறும் வாசகம் அல்ல. இந்த வாய்க்காலுக்கு மேற்கு, அந்தக் காட்டுக்குத் தெற்கு என்று நான்கெல்லையும் சொல்லும் நில ஆவணம். பாரிசில் அதைப் பார்க்கிறவருக்கு எழுத்து தெரியும், எல்லை தெரியாது. பாகூரில் நிற்கிறவருக்கு எல்லை கண்முன்னே விரிந்து கிடக்கிறது, எழுத்து இல்லை.

மூலத்தைத் திருப்பிக் கேட்பது நீண்ட வழக்கு, கேட்கவேண்டிய வழக்கும்கூட. ஆனால் அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று ஒரு செப்பேட்டை முப்பரிமாணத்தில் ஒளிவருடி, எழுத்தின் ஆழம்கூடக் குறையாமல் செம்பிலேயே வார்த்துவிட முடியும். அந்தப் படியைக் கோயிலுக்கு அருகிலோ ஏரிக்கரையிலோ வைத்து, பக்கத்தில் வட்டாரத்தின் நிலப்படத்தைக் கல்லில் செதுக்கி, செப்பேடு சொல்லும் ஊர்களையும் எல்லைகளையும் அதில் காட்டினால், பார்க்கிறவர் தலையை நிமிர்த்தினால் அதே நிலம். நகலென்றால் இளப்பம் என்று பலர் எண்ணுகிறார்கள். நகல் என்று தெளிவாக எழுதி, மூலம் எங்கே இருக்கிறது, எப்படிப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லும் காட்சி நேர்மையான காட்சி. மூலத்தைத் திருப்பிக் கேட்கும் குரலும் அங்கிருந்துதான் வலுப்பெறும்.

அலமாரியிலிருந்து அகழாய்வுக்கு

பாகூரிலிருந்து நகரத்துக்குத் திரும்பும் வழியில் அரியாங்குப்பம். அதை ஒட்டி, ஆறு வளைந்து கடலை நோக்கிப் போகும் இடத்தில் அரிக்கமேடு. தென்னையும் மாமரமும் நிறைந்த மேட்டில் இடிந்துபோன செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. பார்க்கிறவர்கள் அதைத்தான் ரோமானியர் கட்டியது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் காலத்தில் வந்தது. ரோமானிய வணிகத்தின் சுவடெல்லாம் காலுக்கடியில், மூடப்பட்ட குழிகளுக்குள் இருக்கிறது.

அரிக்கமேட்டின் கதையே ஒரு காட்சிப் பேழையில் தொடங்கிய கதை. மழைக்குப் பிறகு இந்த மேட்டில் ஊர்ப் பிள்ளைகள் மணி பொறுக்குவது வழக்கம். 1937 வாக்கில் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அவற்றின் அருமையை உணர்ந்தார். சில பொருள்கள் சென்னைக்குப் போயின. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறந்தபோது மத்தியதரைக் கடல் நாட்டு மது சாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் கண்ணில் பட்டன. எங்கிருந்து வந்தது என்று கேட்டார், அரிக்கமேடு என்றார்கள். உடனே புதுச்சேரிக்கு வந்தார். பொது நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில், இத்தாலியின் அரெசோ நகரத்துச் செந்நிறப் பாண்டத் துண்டுகள் இருந்தன. அந்தப் பாண்டம் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பது உலகத்துக்கே தெரியும். அது கிடைத்த மண்ணடுக்கின் காலமும் அதனால் தெரிந்துவிடும். அதுவரை ஆண்டுக் கணக்கு சொல்ல முடியாதிருந்த தென்னிந்தியத் தொல்லியலுக்கு அங்கே ஒரு பிடிமானம் கிடைத்தது. 1945-இல் வீலர் தோண்டினார். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. வீலர் இதை ரோமானியர் வந்தபின் எழுந்த வணிகத் தளம் என்று கணித்தார். பெக்லியின் ஆய்வு, ரோமானியர் வருவதற்கு முன்பே இங்கே ஊரும் தொழிலும் இருந்ததைக் காட்டியது.

காட்சியமைப்பவர்களுக்கு இதில் இரண்டு பாடங்கள். சேமிப்பறையில் கிடப்பதில் எதுவுமே குப்பை அல்ல. எந்தத் துண்டிலும் கிடைத்த இடமும் நாளும் எழுதப்பட்டிருந்தால், அடுத்த தலைமுறையின் கண் அதை அடையாளம் காணும். அந்த மது சாடிக் கைப்பிடி எந்த ஊரில் கிடைத்தது என்று தெரியாமலிருந்தால் வீலர் புதுச்சேரிக்கு வந்திருக்க மாட்டார். மற்றொன்று, விளக்கப் பலகை கல்வெட்டு அல்ல. அறிவு மாறும்போது வாசகமும் மாற வேண்டும். அதனால் மாற்றி எழுத வசதியாகப் பலகையை அமைக்க வேண்டும். "முன்பு இப்படி எண்ணினார்கள், இப்போது இப்படித் தெரிகிறது" என்று சொல்லவும் தயங்கக்கூடாது.

அரிக்கமேட்டுப் பொருள்களில் ஒரு பகுதியைப் பாரதி பூங்காவுக்கு அருகில் உள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கண்ணாடி மணிகளை நெடுநேரம் பார்த்தேன். கடுகளவு மணிகள், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சுட்டு முனையை மழுக்கியவை. இந்த முறையில் செய்த மணிகள் கீழைக் கடல் நாடுகள் வரை போயிருக்கின்றன. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தத் தொழில்முறை நம் காலம் வரை உயிரோடு இருந்துவந்தது. அங்கே குழல் இழுப்பதைப் படமெடுத்து இந்த மணிகளுக்குப் பக்கத்தில் ஓடவிட்டால், பத்துப் பலகை எழுதிச் சொல்ல முடியாததை இரண்டு நிமிடத்தில் கண் புரிந்துகொள்ளும்.

மண்ணும் கண்ணாடியும் ஒளியைத் தாங்கும். துணியும் காகிதமும் தாங்கா. அவற்றுக்கு 50 லக்ஸ் ஒளிக்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். வெண்கலத்துக்கோ எமன் வேறு. உப்புக்காற்றின் குளோரைடு உலோகத்துக்குள் புகுந்தால், ஈரம் ஏறும்போதெல்லாம் வெளிர்பச்சைப் பொடியாக அரிப்பு பூத்துக்கொண்டே இருக்கும். எழும்பூரில் 1930-களில் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் இந்த நோயிலிருந்து செப்புத் திருமேனிகளை மீட்டார். உலகத்தின் பெரிய ஆய்வகங்களோடு சேர்த்து எண்ணத்தக்க வேலை அது. கடலோரத்தில் புதிதாக எந்தக் காட்சிக்கூடம் கட்டினாலும், வளைவுகளையும் தூண்களையும் வரையுமுன் காற்றின் ஈரத்தைக் கணக்கிட வேண்டும். காற்றுப் புகாத பேழையும் அதன் அடித்தட்டில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் வெளித்தோற்றத்தைவிட முக்கியம்.

மண்ணுக்குத் திரும்புதல்

இடத்தையும் பொருளையும் சேர்த்துக் காட்டும் முயற்சிகள் நம்மிடையே தொடங்கிவிட்டன. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிகளை மூடாமல், மேலே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை அவை கிடந்த நிலையிலேயே பார்க்கச் செய்திருக்கிறார்கள். கீழடிப் பொருள்களுக்கு, அவை கிடைத்த இடத்துக்கு அருகிலேயே, கொந்தகையில் 2023-இல் அருங்காட்சியகம் எழுந்தது. லண்டனிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1954-இல் அங்கே கட்டட வேலையின்போது ரோமானியர் காலத்து மித்ராஸ் கோயில் வெளிப்பட்டது. அதைப் பெயர்த்து, 1962-இல் வேறிடத்தில் ஒட்டவைத்தார்கள். பார்க்கிறவர் மனத்தில் அது ஒட்டவில்லை. 2017-இல் மறுபடி பெயர்த்து, தோன்றிய இடத்துக்கே கொண்டுவந்து, பழைய மட்டத்திலேயே நிறுவினார்கள். இல்லாமல் போன சுவர்களை ஒளியாலும் பனிமூட்டத்தாலும் எழுப்பிக் காட்டுகிறார்கள்.

1954-உம் 1962-உம் புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு காரணத்தால் நெஞ்சில் பதிந்த ஆண்டுகள். அந்தக் காரணம் பிறந்த இடமே என் சுற்றின் கடைசி இடம்: அரியூர்ப் பக்கத்திலிருந்து உள்ளே கிராமச் சாலையில் போனால் வரும் கீழூர். 1954 அக்டோபர் 18-இல் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். 170 பேர் இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு, சட்டப்படி முழுமையாக இணைந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. ஆண்டுதோறும் அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள்.

தேநீர்க் கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கப்பா அன்னைக்கி ரோட்டோரமா நின்னு பாத்தவரு தம்பி. இவ்ளோ காரு இந்த ஊருக்கு வந்ததே இல்லன்னு சொல்லுவாரு."

"அவர் சொன்னதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா அய்யா?"

"யாரு வந்து கேட்டா?"

நினைவிடம் என்பது வணங்கச் செய்வது. காட்சி என்பது கேட்கச் செய்வது, கேள்வி கேட்கவும் செய்வது. இந்த நிலத்தில் 178 இருக்கைகளைக் கல்லில் செய்து வைக்கலாம். எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் பிரதிநிதியின் பெயர், ஊர், அவர் அளித்த பதில். வருகிற பிள்ளை அதில் உட்கார்ந்து பார்க்கட்டும். மறுத்த எட்டுப் பேருக்கும் அதே அளவு இருக்கை வேண்டும். அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று கேட்கும்போதுதான் மற்ற 170 பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் விளங்கும். வாக்கெடுப்பின் மதிப்பே மறுக்க இடம் இருந்ததில்தான் இருக்கிறது. இருக்கைகளுக்கு நடுவே குரல்கள் ஒலிக்கட்டும்: காரை எண்ணியவர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், எல்லைச் சாவடியில் அரிசி மூட்டையோடு நின்றவர்.

இந்தக் குரல்களுக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும். திருபுவனைச் சுவர் ஆயிரம் ஆண்டு நின்றது. கவனமாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நிற்கும். பாகூர்ச் செப்பேடு பாரிசில் பத்திரமாக இருக்கிறது. அரிக்கமேட்டு மண் தோண்டுகிறவருக்காகக் காத்திருக்கும். 1954-ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அடுத்த நிதிநிலை அறிக்கை வரை, ஒப்பந்தப்புள்ளி முடியும் வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாக இருக்கும் காலம் இது. அரியூர், வில்லியனூர், மதகடிப்பட்டுக் கல்லூரிகளின் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் இந்த ஊர்களில் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு பதிவிலும் பெயர், ஊர், நாள் குறித்துச் சேர்த்துவைத்தால், கல்லும் கண்ணாடியும் வாங்குவதற்கு முன்பே கீழூர்க் காட்சியின் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு வில்லியனூரிலும் திருக்கனூரிலும் கைகள் தயாராக இருக்கின்றன. வேலையைத் தொடங்குங்கள் என்று அரசையும் கல்லூரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.